நாள் கணக்கும் பில் கணக்கும்: கட்டுமானத் தொழிலில் சம்பளச் சட்டங்கள் தோற்கும் இடம்

1982 நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கவிருந்தன. அதற்காக அரங்குகளும் மேம்பாலங்களும் அவசர அவசரமாக எழுந்த காலத்தில், அந்த வேலைகளில் இருந்த கூலித் தொழிலாளருக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச நாள்கூலி 9 ரூபாய் 25 காசு. வேலையை எடுத்த ஒப்பந்ததாரர்கள் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசா ஆகிய இடங்களிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்த ஜமாதார்கள் வழியாகக் கூலியைப் பட்டுவாடா செய்தார்கள். ஜமாதார் தலைக்கு ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொள்ள, தொழிலாளி கைக்கு வந்தது 8 ரூபாய் 25 காசு. மூன்று சமூக ஆய்வாளர்கள் தளங்களுக்குப் போய் விசாரித்து எழுதிய அறிக்கை, ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் அனுப்பிய கடிதத்தோடு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. அந்தக் கடிதமே ரிட் மனுவாக ஏற்கப்பட்டு, 1982 செப்டம்பர் 18 அன்று நீதிபதி பகவதியின் தீர்ப்பு வந்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று அது சொன்னது.

சட்ட மாணவர்கள் அந்தத் தீர்ப்பை 23ஆவது பிரிவுக்காகவும் பொதுநல வழக்கின் தொடக்கத்திற்காகவும் படிக்கிறார்கள். கட்டுமான நிறுவனத்தின் சம்பளக் கணக்கைப் பார்ப்பவர் அதில் படிக்க வேண்டியது வேறு. மேலிருந்து புறப்பட்டபோது கூலித்தொகை முழுதாகவே இருந்தது. கணக்குப் புத்தகத்திலும் 9.25 என்று எழுதுவதில் ஒருவருக்கும் சிரமம் இல்லை. குறைந்தது, பணம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிய இடத்தில். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் கட்டுமானத் தொழிலின் சம்பளப் பிரச்சினை ஏறத்தாழ அந்த இடத்திலேயே நிற்கிறது. சட்டங்கள் போதாமல் போனதாலோ, சதவீதங்களைக் கணக்கிட ஆளில்லாததாலோ இந்தத் தொழில் தடுமாறவில்லை. சட்டம் ஆளையும் நாளையும் எண்ணுகிறது. தொழில் சதுர அடியையும் டன்னையும் எண்ணுகிறது. இரண்டையும் பொருத்தும் பதிவேடு தளத்தில் உருவாவதில்லை. பிறகு அலுவலகத்தில், பில்லிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, சம்பளப் பட்டியல் தயாராகிறது. இந்தக் கட்டுரையின் வாதம் இவ்வளவுதான். கட்டுமான நிறுவனத்தின் சம்பளச் சட்டப் பொறுப்பு சம்பளப் பட்டியலில் தொடங்குவதில்லை. தளத்து வருகைப் பதிவில் தொடங்குகிறது. அந்தப் பதிவை முதன்மை வேலையளிப்பவர், அதாவது வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவர், தன் கையில் வைத்திராதவரை, மற்ற எல்லாமே காகித வேலை.

தமிழ்நாட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் எழும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். பில்டர் ஒருவர், அவரிடம் சிவில் வேலை எடுத்த கான்டிராக்டர் ஒருவர், அவருக்குக் கீழே சென்ட்ரிங், கம்பி கட்டு, செங்கல் கட்டு, பூச்சு, டைல்ஸ் என்று தனித்தனி லேபர் கான்டிராக்டர்கள், அவர்களுக்குக் கீழே ஆட்களைக் கொண்டுவரும் மேஸ்திரிகள். சென்ட்ரிங்குக்குச் சதுர அடி ரேட், கம்பிக்கு டன் ரேட், பூச்சுக்கு மறுபடியும் சதுர அடி. மேஸ்திரி எத்தனை ஆட்களை எத்தனை நாள் வைத்து அந்த வேலையை முடித்தார் என்பது மேலே இருப்பவர் யாருக்கும் வணிக ரீதியில் தேவைப்படாத தகவல். அளவுப் புத்தகத்தில் ஏறுவது முடிந்த வேலையின் அளவு மட்டும். மேஸ்திரியின் சட்டைப்பை நோட்டில் கொத்தனார் எத்தனை, பெரியாள் எத்தனை, சித்தாள் எத்தனை, யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் என்று எல்லாம் இருக்கும். அந்தத் தளத்தின் உண்மையான சம்பளப் பதிவேடு அதுதான். ஆனால் அது நிறுவனத்தின் ஆவணம் ஆவதே இல்லை. சனிக்கிழமை பட்டுவாடா முடிந்ததும் அதன் ஆயுளும் முடிந்துவிடும்.

இந்த இடைவெளியை நிரப்பச் சட்டம் கேட்கும் எண்களைப் பாருங்கள். வருங்கால வைப்பு நிதிக்கு (பிஎஃப்) தொழிலாளியின் பங்கு 12 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம்; அதோடு காப்பீட்டுக்கும் நிர்வாகச் செலவுக்கும் தலா அரை சதவீதம். 2015 ஆகஸ்ட் 1 முதல் கட்டுமானத் தளத் தொழிலாளர்களுக்கும் விரிவாக்கப்பட்ட தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு (இஎஸ்ஐ), 2019 ஜூலை முதல் உள்ள விகிதப்படி, நிறுவனம் 3.25, தொழிலாளி 0.75. மொத்தம் கூட்டினால் 29 சதவீதம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக நாள்கூலி 500 ரூபாய், மாதம் 26 நாள் என்று வைத்துக்கொள்வோம் (உண்மைக் கூலி ஊருக்கும் வேலைக்கும் தக்கபடி மாறும்). மாதக் கூலி 13,000. செலுத்த வேண்டிய மொத்தத் தொகை 3,770. குறைந்தபட்சக் கூலி அரசு அறிவித்த எண் என்பதால் நாள்கூலியைக் குறைத்து எழுத வழியில்லை. ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் பார்ப்பது அதைத்தான். ஆனால் நாட்களைக் குறைக்கலாம். அதே ஆள் 10 நாள்தான் வந்தார் என்று எழுதினால் கூலி 5,000, செலுத்தும் தொகை 1,450. தலைக்கு 2,320 ரூபாய் மிச்சம்; நூறு பேருக்கு மாதம் இரண்டே கால் லட்சத்துக்கு மேல். வைப்பு நிதியின் மின்னணு மாதக் கணக்கில் பங்களிப்பு இல்லாத நாட்களுக்கென்றே ஒரு பத்தி இருக்கிறது. உண்மையாகவே வேலைக்கு வராத நாட்களைக் காட்ட வைத்த அந்தப் பத்தி, கட்டுமானத்தில் பொய்க்கு வசதியான அறையாகிவிடுகிறது. விகிதம் சரி, கூட்டல் சரி, செலான் சரி, தேதியும் சரி. மனிதர் மட்டும் மாதத்தில் பதினாறு நாள் காணாமல் போயிருப்பார்.

இது வெறும் பணச் சேமிப்பு என்று விட்டுவிட முடியாதபடி, நாள் எண்ணிக்கையில்தான் உரிமைகள் தொங்குகின்றன. இஎஸ்ஐயில் நோய்க்கால உதவித்தொகை கிடைக்க ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு வேண்டும். மாதம் 10 நாள் என்று காட்டப்பட்டவருக்கு ஆறு மாதத்தில் 60 நாள்தான் சேரும். அவர் கூலியிலிருந்து பிடித்தமும் நடந்திருக்கிறது, நிறுவனமும் பணம் கட்டியிருக்கிறது. ஆனாலும் காய்ச்சலில் படுத்தால் உதவித்தொகைக்குத் தகுதி இல்லை. ஒன்றுமே கட்டாத நிறுவனம் செய்வதைவிட இது ஒரு வகையில் மோசம், ஏனென்றால் இங்கே பணம் செலவாகியும் பயன் பிறக்கவில்லை. பணியிட விபத்துக்கு இப்படிப்பட்ட நாள் நிபந்தனை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. அங்கேயும் விபத்து நடந்த நாளில் அவர் தளத்தில் இருந்தாரா என்ற கேள்விக்குப் பதிவேடு பதில் சொல்ல வேண்டும். 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். இடிபாட்டுக்குள் எத்தனை பேர் என்பது முதல் நாட்களில் ஊகமாகத்தான் இருந்தது. அந்த விபத்தின் காரணங்கள் கட்டுமானப் பொறியியலைச் சேர்ந்தவை. ஆனால் உள்ளே இருப்பது யார் யார் என்ற பட்டியல் நொடியில் கிடைத்திருக்க வேண்டியது சம்பளப் பதிவேட்டைச் சேர்ந்த விஷயம்.

சட்டம் ஒப்பந்ததாரரோடு நின்றுவிட்டது என்று நினைப்பவர்களுக்குச் சட்ட நூல் வேறு கதை சொல்கிறது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், கூலிப் பட்டுவாடாவின்போது முதன்மை வேலையளிப்பவரின் பிரதிநிதி நேரில் இருந்து சான்றளிக்க வேண்டும் என்றது. ஒப்பந்ததாரர் கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே கொடுத்துவிட்டுப் பிறகு வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. இஎஸ்ஐ சட்டமும் வைப்பு நிதித் திட்டமும் அதே வழியில் போயின. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தப் பொறுப்பைக் கழற்றிவிடவில்லை. ஒப்பந்ததாரர் கூலியை வங்கி வழியாகவோ மின்னணு முறையிலோ கொடுத்து, கொடுத்த தொகையை முதன்மை வேலையளிப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பணிப் பாதுகாப்புத் தொகுப்பு கேட்கிறது. ஊதியத் தொகுப்பின் 59ஆவது பிரிவு இன்னும் கூர்மையானது: கூலி தரவில்லை, குறைத்துத் தந்தார்கள் என்று ஒருவர் முறையிட்டால், கொடுத்ததை நிரூபிக்கும் சுமை வேலையளிப்பவருடையது. படிகளின் பெயரால் கூலியைச் சிதறடிக்கும் பழக்கத்துக்கும் அதே தொகுப்பு எல்லை கட்டியிருக்கிறது. விலக்கப்பட்ட படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே எண்ணப்படும். மாதச் சம்பள ஊழியர்களுக்கு இது பெரிய மாற்றம். நாள்கூலி ஒரே எண்ணாக இருக்கும் கட்டுமானத் தளத்தில் அதன் தாக்கம் சிறிது. கருத்தரங்குகளில் ஐம்பது சதவீத விதி பற்றிப் பேசிய நேரத்தில் பாதியை 59ஆவது பிரிவுக்குக் கொடுத்திருந்தால் கட்டுமான நிறுவனங்களுக்குப் பயன்பட்டிருக்கும்.

இந்தப் பொறுப்பை நிறுவனங்கள் எதிர்கொள்ளும் வழக்கமான முறை, பில்லோடு பிஎஃப், இஎஸ்ஐ செலான் நகல் இல்லாவிட்டால் பில்லை நிறுத்திவைப்பது. கேட்பதற்குக் கண்டிப்பாகத் தெரியும் இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. செலான் காட்டுவது, இத்தனை பெயர்களுக்கு இவ்வளவு பணம் கட்டப்பட்டது என்பதை மட்டும். அந்தப் பெயர்கள் இந்தத் தளத்தில் சாந்து சுமந்தவர்களுடையவைதானா என்று அது சொல்லாது. நாற்பது பேர் கொண்ட ஒரே செலானை மூன்று தளங்களில் மூன்று பில்களுக்கு இணைக்கலாம்; ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். பிரச்சினை பின்னால் வைப்பு நிதி ஆணையர் முன் வெடிக்கிறது. பதிவேடு இல்லாதபோது அதிகாரிகளுக்கு எளிதான வழி, பில் தொகையில் ஒரு பங்கைக் கூலி என்று ஊகித்து அதன் மேல் பாக்கியைக் கணக்கிடுவது. இந்திய உணவுக் கழகம் தொடர்பான வழக்கில் 1989 இறுதியில் உச்ச நீதிமன்றம் இப்படியான ஊகத்தை ஏற்கவில்லை. ஒப்பந்ததாரர்களை அழைத்து, ஆவணங்களை வரவழைத்து, பயனடைய வேண்டிய தொழிலாளர் யார் என்று கண்டறிய ஆணையருக்கு அதிகாரம் இருக்கும்போது, அதைப் பயன்படுத்தாமல் தொகையை நிர்ணயிக்கக் கூடாது என்பது அதன் சாரம். நிறுவனங்கள் இதைத் தங்களுக்குச் சாதகமான தீர்ப்பாக மேற்கோள் காட்டுவதுண்டு. சாதகமா என்று யோசிக்க வேண்டும். அடையாளம் தெரியாத தொழிலாளிக்காக வசூலித்த பணம் யாருடைய கணக்கிலும் ஏறாது என்ற கசப்பான உண்மைதான் அதற்குள் இருக்கிறது. பதிவேடு இல்லாதது நிறுவனத்துக்கு வழக்கில் கவசமாகவும் தொழிலாளிக்கு நிரந்தர இழப்பாகவும் ஒரே நேரத்தில் அமைகிறது என்றால், பதிவேடு தானாக உருவாகும் என்று எதிர்பார்ப்பது வீண்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, தளத்தின் வாசலில் ஆள்வாரியான வருகைப் பதிவு. ஆள் யாருக்குக் கீழே வேலை செய்பவராக இருந்தாலும், அந்தப் பதிவு தளத்தின் முதன்மை வேலையளிப்பவர் பராமரிப்பதாக இருக்க வேண்டும். மேஸ்திரி கொடுக்கும் எண்ணிக்கையைப் படியெடுப்பதாக இருக்கக் கூடாது. பெயர், வைப்பு நிதியின் பொதுக் கணக்கு எண், இஎஸ்ஐ எண், வேலைப் பிரிவு, வந்த நேரம், போன நேரம். நேரம் முக்கியம், ஏனென்றால் கூரைக் கான்கிரீட் போடும் நாளில் வேலை எட்டு மணி நேரத்தோடு முடிவதில்லை; மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்பது சட்டம். இரண்டாவது, இந்தப் பதிவை அளவுப் புத்தகத்தோடு ஒப்பிடுவது. இதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் கட்டுமானத் தொழிலுக்கு வேறு எந்தத் தொழிலுக்கும் இல்லாத ஒரு வசதி இங்கே கிடைக்கிறது. ஒரு கனமீட்டர் செங்கல் கட்டுக்கு எத்தனை கொத்தனார் நாள், எத்தனை சித்தாள் நாள் என்பதற்குப் பொதுப்பணித் துறைகளின் விலைப் பகுப்பாய்வில் நீண்டகாலமாகவே கணக்கு உண்டு. டெண்டர் விலை போடும்போது எல்லோரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதே கணக்கை மாத இறுதியில் திருப்பிப் போட்டால், முடிந்த வேலைக்கு ஏறத்தாழ எத்தனை ஆள்நாள் தேவைப்பட்டிருக்கும் என்று தெரியும். ஒப்பந்ததாரரின் சம்பளப் பட்டியல் அதில் மூன்றில் ஒரு பங்கைக் காட்டினால், அந்தப் பட்டியல் பொய் என்று அறிய ஆய்வாளர் வர வேண்டியதில்லை. கொஞ்சம் ஏற்றத்தாழ்வு இயல்பு. நல்ல கோஷ்டி வேகமாகக் கட்டும், மழை நாளில் வேலை நிற்கும். ஆனால் பத்து நாள் மனிதர்கள் இந்த ஒப்பீட்டில் தப்ப முடியாது.

மூன்றாவது, ஒப்பந்த விலையிலேயே சட்டப் பங்களிப்புகளைத் தனி வரியாகப் பிரிப்பது. சதுர அடிக்கு இவ்வளவு என்ற ஒற்றை விலைக்குள் பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் அடக்கம் என்று எழுதினால், அவற்றைக் கட்டாமல் விடுவதே ஒப்பந்ததாரரின் லாபமாகிறது. உண்மையில் கட்டிய தொகையைச் செலானின் பெயர்களும் வாசல் பதிவின் பெயர்களும் பொருந்தும் அளவுக்குத் திருப்பிக் கொடுப்பது என்று எழுதினால், மறைப்பதில் அவருக்கு ஆதாயம் இல்லை. மத்திய பொதுப்பணித் துறையின் ஒப்பந்தங்களில் ஒப்பந்ததாரரின் இந்தப் பங்களிப்புகளை உள்ளபடி ஈடுசெய்யும் முறை இருந்திருக்கிறது. ஆகவே இது புத்தகத்தில் மட்டும் இருக்கும் யோசனை என்று தள்ள முடியாது. குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற டெண்டர் முறையில் நேர்மையான ஒப்பந்ததாரர் தோற்றுவிடுவார் என்ற நியாயமான புகாருக்கும் இதுவே பதில்: போட்டி நடக்கும் விலையிலிருந்து சட்டச் செலவை வெளியே எடுத்துவிட்டால், அதை வெட்டிப் போட்டியில் வெல்ல முடியாது.

எதிர்வாதங்களில் அடிக்கடி கேட்பது, தொழிலாளியே பிடித்தம் வேண்டாம் என்கிறார் என்பது. இது முதலாளிகள் கட்டிய கதை என்று ஒதுக்குவது எளிது; சரியல்ல. மாதம் 13,000 வாங்குபவருக்கு 1,657 ரூபாய் பிடித்தம் என்பது ஊருக்கு அனுப்பும் பணத்தில் நேரடியாகத் தெரியும். பிகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து ஆறு மாதம் இங்கே, நான்கு மாதம் கேரளத்தில் என்று போகிறவருக்கு, ஆதாரில் ஒரு எழுத்தும் வங்கிக் கணக்கில் இன்னொரு எழுத்துமாக இருக்கும் பெயரால் பணம் எடுக்க முடியாமல் போவதும் சாதாரணம். பத்து நாள் கணக்கும், பொருந்தாத பெயரும், தளத்துக்குத் தளம் புதிதாக உருவாகும் உறுப்பினர் எண்ணும் சேர்ந்தால், அந்தப் பிடித்தத்தை அவர் நம்பாததில் தவறென்ன? ஆனால் அந்த அவநம்பிக்கைக்குக் காரணமே பதிவின் பழுது. பதிவு பழுது என்பதை வைத்துப் பதிவே வேண்டாம் என்று முடிவுகட்டுவது, அவநம்பிக்கையை உண்டாக்கியவர் அதையே தன் சாட்சியாக அழைப்பதாகும். 2014இல் வந்த பொதுக் கணக்கு எண் முறை, ஆள் எங்கே போனாலும் கணக்கு கூடவே போகும்படி செய்தது. முதல் நாளே பழைய எண்ணைக் கேட்டு வாங்குவதும், பெயரைச் சரிபார்ப்பதும் தளத்து அலுவலகத்தில் கால் மணி நேர வேலை. இன்னொரு உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல தளங்களில் கூலி பேசப்படுவது கைக்கு வரும் தொகையாகத்தான். அங்கே தொழிலாளியின் பங்கையும் நிறுவனமே சுமக்க வேண்டிவரும். அதைத் திட்டச் செலவில் முன்கூட்டியே சேர்க்காதவர் பின்னால் நாட்களை வெட்டத்தான் போவார்.

உச்சவரம்புகளைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. 2014 செப்டம்பர் முதல் வைப்பு நிதியின் ஊதிய வரம்பு 15,000. 2017 ஜனவரி முதல் இஎஸ்ஐயின் வரம்பு 21,000. நாள் 900 ரூபாய் வாங்கும் கொத்தனார் 26 நாள் வந்தால் 23,400. இரண்டு வரம்புகளையும் தாண்டிவிடுவார். ஏற்கெனவே வைப்பு நிதி உறுப்பினராக இல்லாத பட்சத்தில் அவரை விலக்குவது சட்டப்படியே சாத்தியம். ஆக, உண்மையான நாட்களைப் பதிவதால் நிறுவனத்தின் செலவு எப்போதும் கூடும் என்ற அச்சத்தில் பாதி ஆதாரமற்றது. ஆனால் சாரத்தின் உச்சியில் நிற்பவர் இஎஸ்ஐக்கு வெளியே நிற்கிறார் என்பதும் இதே கணக்கின் விளைவு. அவருக்கு ஏதாவது நேர்ந்தால் இழப்பீடு முழுவதும் வேலையளிப்பவர் தலையில். தனிக் காப்பீடு எடுக்காத நிறுவனம் அங்கே சேமித்ததாக நினைப்பது ஒரே விபத்தில் கரைந்துவிடும்.

மேஸ்திரி இல்லாமல் தளம் நடக்காது என்பது அடுத்த வாதம். நடக்காதுதான். ஆட்களைக் கூட்டி வருபவர், முன்பணம் கொடுப்பவர், தங்க இடம் பார்ப்பவர், சண்டை வந்தால் தீர்ப்பவர் அவரே. கூலியை அவரைத் தாண்டிக் கொடுத்தால் அவர் கொடுத்த அட்வான்ஸ் திரும்பாது, அடுத்த முறை ஆள் வராது என்பார்கள். ஆனால் மேஸ்திரியின் உழைப்புக்கு விலை உண்டு என்பதும், அந்த விலை தொழிலாளியின் கூலியிலிருந்து வர வேண்டும் என்பதும் வேறு வேறு. ஆசிய விளையாட்டு வழக்கு தீர்த்துவைத்தது இதைத்தான்: ஜமாதாரின் கமிஷன் கூலிக்குள்ளிருந்து வரக் கூடாது. மேஸ்திரிக்கு ஆள்நாளுக்கு இவ்வளவு என்று மேற்பார்வைக் கட்டணத்தை ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதிவிட்டால், பதிவான ஒவ்வொரு நாளும் அவருக்கும் வருமானம். வருகைப் பதிவைக் குறைக்க அவருக்கிருந்த காரணமும் போய்விடும். அட்வான்ஸைப் பொறுத்தவரை, 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டமே வேலைக்கு முன் கொடுத்த முன்பணத்தைப் பிடிக்க அனுமதித்தது. பயணச் செலவுக்குக் கொடுத்ததைப் பிடிக்கத்தான் தடை விதித்தது. எழுத்தில் இருக்கும் முன்பணம் திரும்பும். எழுத்தில் இல்லாத முன்பணம் மனிதரைக் கட்டிப்போடும் கயிறாகும்போது விஷயம் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் போய்விடும். அங்கே போனபின் கணக்காளர் பேச எதுவும் இல்லை.

வழக்கறிஞர்கள் எழுப்பும் ஆட்சேபமே எல்லாவற்றிலும் கனமானது. ஒப்பந்ததாரரின் ஆட்களுக்கு வருகைப் பதிவு வைத்து, கூலியையும் நேரடியாகக் கொடுத்தால், நாளை அவர்கள் நிறுவனத்தின் நேரடி ஊழியர்கள் என்று உரிமை கோருவார்களே என்கிறார்கள். இதற்குச் சட்ட அடிப்படை இருக்கிறது. 2019 பிப்ரவரியில் பாரத மிகு மின் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்புகளைத் தழுவி இரண்டு சோதனைகளைச் சொன்னது: கூலியை ஒப்பந்ததாரருக்குப் பதிலாக முதன்மை வேலையளிப்பவர் கொடுக்கிறாரா, வேலையை அவர் கட்டுப்படுத்தி மேற்பார்க்கிறாரா. ஆகவே கவனம் தேவைதான். ஆனால் நான் சொல்லும் ஏற்பாட்டில் கூலி ஒப்பந்ததாரரின் பெயரிலேயே, அவருடைய பட்டியல்படியே, தொழிலாளியின் கணக்குக்குப் போகிறது. முதன்மை வேலையளிப்பவர் செய்வது சரிபார்ப்பு. வாசலில் ஆளை எண்ணுவதும், எந்தச் சுவரை எப்படிக் கட்டு என்று உத்தரவிடுவதும் ஒன்றாகிவிடாது. பட்டுவாடாவில் நேரில் இருந்து சான்றளி என்று சட்டமே கேட்ட ஒருவரை, அப்படிச் செய்ததற்காகவே முதலாளி என்று அறிவிப்பது பொருந்தாது. கட்டுமானத்தில் கூலி பாக்கி பெரும் சமூகக் கொந்தளிப்பாக இருந்த சீனா, 2020 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளில் இன்னும் ஒரு படி மேலே போனது: திட்ட உரிமையாளர் கூலித்தொகையைத் தனிக் கணக்கில் போட வேண்டும், உள் ஒப்பந்ததாரர்களின் ஆட்களுக்கு அவர்கள் சார்பில் தலைமை ஒப்பந்ததாரரே அந்தக் கணக்கிலிருந்து கூலியைச் செலுத்த வேண்டும். சார்பில் செலுத்துவது என்ற நிலையைச் சட்டம் தெளிவாக எழுதிவிட்டால் வழக்கறிஞரின் அச்சத்துக்கு இடமிருக்காது. இந்தியாவில் அப்படி எழுதப்படாததால், இங்கே அந்த எல்லைக்கோட்டை ஒப்பந்த வாசகத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தானே வரைந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அமெரிக்கா 1934இலேயே கூலியில் கமிஷன் பிடுங்குவதைக் குற்றமாக்கியதும், அரசு உதவி பெறும் கட்டுமானங்களில் ஆள்வாரி, நாள்வாரி வாரச் சம்பளப் பட்டியலைக் கையொப்பமிட்டுக் கொடுக்கும் வழக்கத்துக்கு வித்திட்டதும் இதே நோயைக் கண்டுதான்.

கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தையும் இந்தக் கணக்கில் குழப்பிக்கொள்கிறார்கள். 1996ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தோடு வந்த, கட்டுமானச் செலவில் 1 சதவீத மேல்வரியைக் கட்டியாகிவிட்டது, எனவே தொழிலாளர் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கும் கட்டட உரிமையாளர்கள் உண்டு. அந்த வரி கட்டடத்தின் மேல் விதிக்கப்படுவது. எந்தத் தொழிலாளியின் பெயரும் அதோடு போவதில்லை. வாரியத்தின் உதவி கிடைக்க அவர் ஆண்டில் 90 நாள் கட்டுமான வேலை செய்ததைக் காட்டிப் பதிவு செய்திருக்க வேண்டும். மறுபடியும் நாள் கணக்கு. 1994இலேயே கட்டுமானத் தொழிலாளருக்கு நலவாரியம் கண்ட மாநிலம் தமிழ்நாடு. தொழிற்சங்கங்களின் நீண்ட போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. நாடு முழுவதிலும் மேல்வரிப் பணம் பல ஆயிரம் கோடி செலவாகாமல் கிடந்ததை உச்ச நீதிமன்றம் 2018இல் கடுமையாகக் கண்டித்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியபோது அந்த நிதியிலிருந்து தொழிலாளர்களுக்கு உதவுமாறு மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. பணம் போனது பதிவில் இருந்தவர்களுக்கு. ஊர் திரும்ப நெடுஞ்சாலைகளில் நடந்த தொழிலாளர்களில் பலர் எந்த மாநிலத்தின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

சிறிய பில்டர்கள் இதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கு என்பார்கள். பத்துப் பேருக்குக் குறைவாக வைத்து ஒரு தனி வீடு கட்டுபவருக்கு இஎஸ்ஐ வரம்பும், இருபது பேர் என்ற வைப்பு நிதி வரம்பும் எட்டாதிருக்கலாம். குறைந்தபட்சக் கூலிக்கும் விபத்து இழப்பீட்டுக்கும் அப்படியொரு ஆள் வரம்பு கிடையாது. அவருக்குத் தேவை மென்பொருள் இல்லை. பெயரும் நாளும் கூலியும் கையொப்பமும் உள்ள ஒரு நோட்டும், கூலியைக் கைபேசி வழியாக அந்தப் பெயருக்கே அனுப்பும் பழக்கமும் போதும். மேஸ்திரியின் சட்டைப்பையில் ஏற்கெனவே இருக்கும் நோட்டு அது. அதன் நகல் வீட்டுக்காரரிடமும் இருக்க வேண்டும் என்பதுதான் மாற்றம்.

இந்த ஏற்பாடு தீர்க்காத ஒரு சிக்கல் இருக்கிறது. கோஷ்டிகள் மாதத்தின் நடுவில் தளம் மாறுகின்றன. 12 நாள் ஒரு தளத்தில், 14 நாள் இன்னொரு தளத்தில் வேலை செய்தவர் இரண்டு முதன்மை வேலையளிப்பவர்களின் பதிவேட்டிலும் பாதி மனிதராகத் தெரிவார். ஒவ்வொருவரும் தன் பாதியை நேர்மையாகப் பதிந்தால், ஒரே கணக்கு எண்ணின் கீழ் இரண்டும் சேர்ந்து முழு மாதமாகும். ஒருவர் பதிந்து மற்றவர் விட்டுவிட்டால், நேர்மையாகப் பதிந்தவரின் கணக்கும் பத்து நாள் பொய்யைப் போலவே தோன்றும். அளவுப் புத்தகத்தோடு ஒப்பிட்ட தாள் கையில் இருப்பவர் மட்டுமே 59ஆவது பிரிவின் கீழ் வரும் கேள்விக்கு அந்த 12 நாள் உண்மையான 12 நாள் என்று காட்ட முடியும். அந்தத் தாளை மாதாமாதம் தயாரிப்பது தளப் பொறியாளரின் வேலையா, சம்பளக் கணக்காளரின் வேலையா என்பதைப் பெரும்பாலான நிறுவனங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. அளவு பொறியாளரிடம் இருக்கிறது, ஆள் கணக்கு கணக்காளரிடம் இருக்கிறது. மாதம் ஒருமுறை இருவரும் ஒரே மேசையில் உட்காருவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.